நெஞ்செரிவும் தொண்டைக் கரகரப்பும்: யாரை நாடுவது?

தொண்டையில் ஏதோவொன்று சிக்கி நிற்பதுபோன்ற உணர்ச்சி. விழுங்கினால் இறங்குவதில்லை; காறினால் வெளிவருவதில்லை. காலையில் எழுந்ததும் குரல் கரகரக்கின்றது. உண்டபின் குனிந்தால் புளித்த நீர் நெஞ்சுவரை எதுக்களித்து வருகின்றது. வவுனியா நகருக்கு மேற்கே அமைந்த நெளுக்குளத்தில் ஒருவருக்கு இத்துன்பம் வந்துவிட்டால், நோயைக் காட்டிலும் ஒரு கேள்வியே அவரை முதலில் வாட்டுகின்றது. எந்த வைத்தியரிடம் போவது? நோவது தொண்டை, ஆகவே காது, மூக்கு, தொண்டை நிபுணரிடமா? புளிப்பு வருவது இரைப்பையிலிருந்து. ஆகவே சமிபாட்டு உறுப்புகளின் நிபுணரிடமா? அயலவர் ஒருவர் "காஸ்" என்பார். மற்றொருவர் "அல்சர்" என்பார். மருந்துக்கடைக்காரர் ஓர் அட்டை மாத்திரையை எடுத்து நீட்டுவார். மாத்திரை முடிந்துவிடும், கரகரப்பு முடிவதில்லை.

இக்கேள்வி நோயாளியின் அறியாமையால் எழுவதன்று. இந்நோய் இரண்டு துறைகளின் எல்லையிலே கிடக்கும் காணியைப் போன்றது. எல்லைக் காணிக்கு உரிமை கோருவோரும் இருவர். அதன் வேலியை அடைக்காமல் விட்டுவிடுவோரும் இருவர். கிராம வாழ்க்கையை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இரைப்பையின் உட்சுவர் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றது. அவ்வமிலம் இன்னதென்று 1824ஆம் ஆண்டில் வில்லியம் பிரவுட் என்னும் ஆங்கில வைத்தியர் கண்டறிந்தார். இரைப்பை தன் அமிலத்தைத் தானே தாங்கிக்கொள்ளும்; அதற்கு வழுவழுப்பான ஒரு காப்புறை உண்டு. பாடநூல்களில் களம் எனக் குறிக்கப்படும் உணவுக்குழாய்க்கு அத்தகைய வலிய காப்பு இல்லை. ஆகவே களமும் இரைப்பையும் கூடும் இடத்திலே இறுக்கித் தசையொன்று வாயிற்காவலனைப் போல நிற்கின்றது. களத்தின் மேல்முனையிலும் அவ்வாறே இன்னோர் இறுக்கி உண்டு. அதற்கு முன்புறமாக, மிக அருகே, குரல்வளை அமைந்துள்ளது. கீழ்க்காவலன் தளர்ந்தால் அமிலம் களத்தில் ஏறி நெஞ்செரிவைத் தரும். மேற்காவலனும் தவறினால் அமிலமும் அதனுடன் கலந்துள்ள பெப்சின் என்னும் செரிமானப் பொருளும் குரல்வளையைத் தீண்டக்கூடும். குரல்வளையின் மெல்லிய தோல் இவற்றைத் தாங்கப் படைக்கப்பட்டதன்று.

எனினும், எதுக்களிப்பு முழுவதும் நோயென்று கொள்ளலாகாது. நலமாக உள்ளவரிடத்தும் அது நாள்தோறும் நிகழ்கின்றது. கருவி வைத்து அளக்கும்போது ஒரு நாளில் 40 தடவைக்குக் குறைவாயின் அதனை இயல்பானதென்றே நிபுணர்கள் கணிக்கின்றனர்.

அமிலம் களத்தைப் புண்படுத்தும் என்பதை 1935ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியரான அஷர் விங்கல்ஸ்டைன் எடுத்துரைத்தார். அது இரைப்பை வைத்தியரின் துறையைச் சேர்ந்தது. குரல்வளைப் புண்ணுக்கும் அமிலத்துக்கும் தொடர்புண்டு என்பதை 1968ஆம் ஆண்டில் செரி, மார்குலீஸ் என்னும் இருவர் தொண்டை மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதினர். 1991ஆம் ஆண்டில் ஜேமி கூஃப்மன் என்னும் அமெரிக்கத் தொண்டை நிபுணர் 225 நோயாளரை ஆராய்ந்து விரிவானதொரு கட்டுரையை வெளியிட்டார். நெஞ்செரிவே இல்லாதவர்க்கும் தொண்டையில் எதுக்களிப்பின் விளைவு தோன்றலாம் என்னும் கருத்து அதன்பின் உலகெங்கும் பரவிற்று. அமிலச் சுரப்பை வலுவாக அடக்கும் ஒமெப்பிரசோல் என்னும் மருந்து 1988ஆம் ஆண்டில் சுவீடனில் விற்பனைக்கு வந்து, சில ஆண்டுகளுக்குள் எங்கும் கிடைக்கலாயிற்று. கருத்தும் மருந்தும் ஒருசேர வந்து வாய்த்தன. தொண்டையில் சிறிது கரகரப்பென்றாலும் அமில மாத்திரை எழுதப்படும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

அவ்வழக்கம் பின்னர் சோதனைக்கு உள்ளாயிற்று. பிரித்தானியாவில் எட்டு வைத்தியசாலைகளின் தொண்டைப் பிரிவுகளுக்கு வந்த 346 பேர் இரு பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். தொண்டைத் தொல்லை நெடுநாளாக நீடித்தவர்கள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு லான்சோபிரசோல் என்னும் அமிலமடக்கி நாளுக்கு இருவேளையாக 16 வாரங்கள் கொடுக்கப்பட்டது. மற்றப் பகுதியினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான முடிவு பலரைத் திகைக்கச் செய்தது. இரு பகுதியினரும் ஓரளவு குணமடைந்தனர். ஆயின் மருந்து உண்டோர் வெற்று மாத்திரை உண்டோரைவிட மேலாகக் குணமடையவில்லை. மறு ஆண்டு, அதாவது 2022இல், அமெரிக்க இரைப்பைக் குடல் வைத்தியர் கல்லூரி தன் வழிகாட்டியில் ஒரு பாகுபாட்டைக் காட்டியது. நெஞ்செரிவும் புளிப்பெதுக்களிப்பும் உள்ளவர்க்குத் தொண்டைத் தொல்லையும் இருக்குமாயின், மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். தொண்டைத் தொல்லை மட்டும் இருப்பவர்க்கோ, எதுக்களிப்பு உண்டா என்று சோதித்து அறிந்த பின்னரே மருந்து தொடங்குதல் வேண்டும்.

யாரிடம் போவது என்னும் கேள்விக்கு விடை இப்பாகுபாட்டிலேயே பெரும்பாலும் அடங்கியுள்ளது. நெஞ்செரிவு முன்னும் கரகரப்புப் பின்னுமாக நிற்கும் நோயாளிக்குத் தொடக்கத்தில் நிபுணரே வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்து வைத்தியரோ, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு வைத்தியரோ, குடும்ப வைத்தியரோ போதும். எட்டு வாரங்கள் மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, உணவு முறையையும் திருத்திக்கொண்டால் பெரும்பாலோர்க்கு நெஞ்செரிவு தணிந்துவிடும். தணியாவிடில், அல்லது மருந்தை நிறுத்தியதும் மீண்டு வருமாயின், பொது மருத்துவ நிபுணரிடமோ சமிபாட்டு உறுப்பு நிபுணரிடமோ கடிதம் பெற்றுச் செல்லுதல் முறையாகும்.

இவ்விடத்தில் ஒரு சிறு குழப்பம் நேர்வதுண்டு. இரைப்பையினுள்ளே குழாய் விட்டுப் பார்க்கும் என்டொஸ்கொப்பிப் பரிசோதனையை இலங்கையின் மாவட்ட வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை நிபுணர்களும் செய்வது வழக்கம். சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போகும்படி சொன்னவுடன், வயிற்றைக் கீறப்போகிறார்களோ என்று அஞ்சி வீட்டுக்குத் திரும்பிவிடுவோர் உண்டு. அஞ்சவேண்டிய காரணம் இல்லை. அவர் அங்கே செல்வது பெரும்பாலும் பார்வையிடப்படுவதற்கே. வளையும் கண்ணாடி நாரிழைகளாலான குழாயை 1957ஆம் ஆண்டில் பசில் ஹிர்ஷோவிற்ஸ் என்னும் வைத்தியர் முதலில் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குப் பயன்படுத்தினார் என்பது இச்சோதனையின் வரலாறு.

தொண்டை முன்னிற்கும் நோயாளியின் வழி வேறு. குரலடைப்பு நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் குரல்வளையைக் கண்ணாற் பார்த்தே ஆகவேண்டும். 2018ஆம் ஆண்டு அமெரிக்கத் தொண்டை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டியும் இதனையே கூறுகின்றது. பார்வையிடாமல், குரலடைப்பு ஒன்றை மட்டும் கொண்டு அமில மாத்திரை கொடுத்தல் கூடாதென்றும் அது வற்புறுத்துகின்றது. குரல்வளையைக் கண்ணாற் பார்க்கும் வழியைப் பலரறியச் செய்தவர் வைத்தியர் அல்லர், ஓர் இசையாசிரியர் என்பது சுவையானதொரு செய்தி. மானுவேல் கார்சியா என்னும் அவர் 1854ஆம் ஆண்டில் பல்வைத்தியரின் சிறு கண்ணாடியொன்றைத் தொண்டையிற் பிடித்து, சூரிய ஒளியில் தம் குரல்நாண்கள் அசைவதைக் கண்டார். அச்சிறு கண்ணாடியின் வேலையை இன்று மூக்கின் வழியே செலுத்தப்படும் மெல்லிய குழாயொன்று செய்கின்றது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து தேவையில்லை.

தொண்டை நிபுணர் முதலில் தேடுவது அமிலத்தை அன்று, ஆபத்தை. இப்பார்வையின் உண்மையான பயன் அதுவே. குரல்வளையில் காணப்படும் சிவப்பும் வீக்கமும் எதுக்களிப்பை உறுதியாக நிறுவமாட்டா. நலமுள்ளோர் பலரிடத்தும் அவை தென்படுகின்றன. ஆனால் குரல்நாணில் ஒரு கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால் அது தப்பாமல் தெரியும். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் வன்னியிலே இன்றும் உண்டு; பீடியும் சுருட்டும் உண்டு. புகையிலை சேர்ந்த வெற்றிலை, வாயிலும் தொண்டையிலும் களத்திலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு அறிக்கையில் வகைப்படுத்தியது. வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று அதே அறிக்கை கூறிற்று. நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவர், வெற்றிலைப் பழக்கமும் உடையவர், ஆறு மாதங்களாகக் குரலடைப்புக்கு அமில மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பாராயின், அந்த ஆறு மாதங்களை எவராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. தொடக்கத்திலே கண்ட குரல்நாண் புற்றுநோய் பெரும்பாலும் குணமாக்கத்தக்கது. காலந்தாழ்த்திக் கண்டால் குரல்வளையையே அகற்றவேண்டி நேரலாம்.

உணவு இடையிலே சிக்கிக்கொள்ளுதல், விழுங்கும்போது நோவு, காரணமின்றி உடல் மெலிதல், கழுத்திற் கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் விடாத வலி, இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் எட்டு வாரமும் இல்லை, நான்கு வாரமும் இல்லை. உடனே செல்லவேண்டும். மூச்சு இரைச்சலோடு வாங்குமாயின் அன்றைக்கே செல்லவேண்டும்.

தொண்டையில் உருண்டை நிற்பதாகத் தோன்றும் உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. முற்காலத்து வைத்தியர்கள் இதனைப் பெண்களின் மனப்பிணி என்று தள்ளிவிட்டனர். அப்பொருள்படவே அதற்குப் பெயரும் இட்டனர். 1968ஆம் ஆண்டில் மல்கம்சன் என்னும் வைத்தியர் அப்பெயர் பொருந்தாதெனக் கண்டு, மனத்தைக் குறிக்காமல் தொண்டையைக் குறிக்கும் பெயரை வழங்கினார். இவ்வுருண்டை வெறும் உமிழ்நீரை விழுங்கும்போது தோன்றும்; சோறுண்ணும்போது மறைந்துவிடும். சோறுண்ணும்போதுதான் தடை தோன்றுகிறதென்றால் அது வேறு. முன்னே கூறிய ஆபத்துக் குறிகளைச் சேர்ந்தது. வைத்தியர் முன்னிலையில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லும் நோயாளி தம் பரிசோதனையில் பாதியைத் தாமே முடித்துவிடுகிறார் எனலாம்.

இரைப்பையும் அன்று, குரல்வளையும் அன்று, வேறொரு மருந்தே தொண்டையை வருத்துவதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் எனலாபிரில், கப்டோபிரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வறட்டிருமலையும் தொண்டை அரிப்பையும் தரும். மருந்தை மாற்றினால் அது தீரும், மாற்றவேண்டியவர் வைத்தியரே. வயலில் இறங்கும் உழவர்க்கு எலிக்காய்ச்சல் வராதபடி டொக்சிசைக்கிளின் கொடுக்கப்படுகின்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால், மாத்திரை களத்திலே ஒட்டிக்கொண்டு அவ்விடத்தைப் புண்ணாக்கும். மறுநாள் விழுங்கமுடியாதபடி நெஞ்சு நோகும். நிறையத் தண்ணீருடன், நிமிர்ந்திருந்து விழுங்கினால் இத்துன்பம் இல்லை. சூடடிக்கும் காலத்துத் தூசி, விறகடுப்பின் புகை, மூக்கிலிருந்து தொண்டைக்குள் வடியும் சளி, நாள்முழுதும் உரத்துப் பேசும் ஆசிரியரின் தொழில், இவையும் கரகரப்புக்குக் காரணங்களே. ஆசிரியரின் குரலுக்கு அமில மாத்திரையைக் காட்டிலும் பேச்சுச் சிகிச்சையாளரின் பயிற்சி பயன்தரும்.

எல்லாவற்றிலும் கொடிய மயக்கம் மாரடைப்பை நெஞ்செரிவென்று கொள்வதாகும். நடக்கும்போதோ பாரம் தூக்கும்போதோ தோன்றி, ஓய்ந்தால் தணியும் எரிவு, வியர்வையோடு வரும் எரிவு, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் எரிவு ஆகியவை இருதயத்தைச் சேர்ந்தனவாகலாம். நீரிழிவு உள்ளவர்க்கு இவ்வடையாளங்களும் மங்கலாகவே தெரியும். சோடா குடித்துவிட்டுப் பொறுத்திருக்கும் நேரமன்று அது. 2016ஆம் ஆண்டில் தொடங்கி, 2018ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கும் வந்த "சுவசெரிய" அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் இலவசமாக அழைக்கலாம்.

மருந்தைப் பற்றிய பிழைகள் பல. ஒமெப்பிரசோல் வகை மாத்திரையை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு முன்னர் உட்கொள்ளவேண்டும். அமிலம் சுரக்கும் கலங்கள் உணவின்போதுதான் விழித்தெழுகின்றன. மருந்து அவ்வேளையில் இரத்தத்தில் இருந்தால்தான் அவற்றை அடக்கும். இரவு உண்டு முடித்துப் படுக்கப்போகும்போது விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று நிபுணரை மாற்றிக்கொண்டே இருப்போர் சிலரல்லர். நெடுங்காலம் உண்டபின் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுதியாகச் சுரந்து சில வாரங்கள் வருத்துவதுண்டு. அதனை நோய் முற்றியதென்று கொள்ளவேண்டியதில்லை. மூட்டுவலி மாத்திரையாலோ அஸ்பிரினாலோ இரைப்பை புண்ணாகாதபடி காப்பாக இம்மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

வவுனியா மாவட்டத்துக்கு இன்னுமோர் எச்சரிக்கை தனியாக உரியது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் அறியப்பட்ட, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இம்மாவட்டத்தின் சில பகுதிகளிலும் காணப்படுகின்றது. சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு மக்னீசியமும் அலுமினியமும் கலந்த அமிலமாற்றிப் பாகுகள் தீங்கு செய்யும். டைக்குளோபெனக் போன்ற நோவு மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே தாக்கும். எனவே சிறுநீரகக் கிளினிக்குக்குச் செல்பவர் நெஞ்செரிவுக்கென்று கடையில் எதையும் வாங்குமுன் தம் நோயைச் சொல்லவேண்டும்.

உணவைப் பொறுத்தவரை நீண்ட பத்தியப் பட்டியல் எல்லோர்க்கும் வேண்டியதில்லை. உறைப்போ தேநீரோ தமக்கு ஒவ்வாதென்று கண்டவர் அதனைக் குறைத்தாற் போதும். உறங்குவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னரே இராச்சாப்பாட்டை முடித்தல், புகைத்தலை விடுதல், பருத்த உடலைக் குறைத்தல் ஆகியவை பலனளிப்பன. இரவில் எதுக்களிப்பவர் கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களைச் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்தலாம். தலையணையை அடுக்குவது கழுத்தை மடக்குமேயன்றிப் பயன்தராது. பாயிற் படுப்போர் முதுகின் மேற்பகுதி முழுவதும் சாய்ந்திருக்கும்படி பலகையொன்றைச் சரிவாக அமைக்கலாம். இடப்பக்கம் சரிந்து படுத்தலும் நன்று. அந்நிலையில் இரைப்பை களத்தின் வாயிலுக்குக் கீழே தங்குகின்றது.

இரு நிபுணரும் பார்த்த பின்னரும் ஐயம் தீராவிட்டால், மூக்கின் வழியே நுண்ணிய குழாயைக் களத்தில் நிறுத்தி 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை ஒன்றுண்டு. அளந்த நேரத்தில் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் களம் அமிலத்தில் தோய்ந்திருந்தால் நோய் உறுதி. நான்கு பங்குக்குக் குறைவாயின் இயல்பு. இவ்வசதி பெரிய நிலையங்கள் சிலவற்றிலேயே உள்ளது. யாழ்ப்பாணம் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். கொழும்பு அதனினும் தொலைவு. ஒரு நாட் கூலியையும் பேருந்துச் செலவையும் இழந்து செல்லும் குடும்பம், வெறுங்கையோடு சென்று வெறுங்கையோடு திரும்பலாகாது.

அதற்கு உதவுவது கிளினிக் கொப்பி. தொல்லை எப்போது தொடங்கியது, நெஞ்செரிவு உண்டா, உணவு தடைபடுகிறதா, எந்த மாத்திரை எத்தனை வாரம் எந்த நேரத்தில் உண்ணப்பட்டது, வெற்றிலை, புகை, மதுப் பழக்கங்கள் எவை, வேறெந்த நோய்க்கு என்ன மருந்து என்பவற்றை வீட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுத இயலாதவர்க்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கும். மாத்திரை அட்டைகளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். தனியார் நிலையத்தில் பணங் கட்டி ஒரு நிபுணரைப் பார்த்திருந்தால், அவர் எழுதிய துண்டையும் அதே கொப்பியில் ஒட்டிவைத்தல் நல்லது. தொண்டை நிபுணர் கண்டதை இரைப்பை வைத்தியரும், இரைப்பை வைத்தியர் கண்டதைத் தொண்டை நிபுணரும் அறிந்துகொள்ள, பல வேளைகளில் அந்தக் கொப்பியைத் தவிர வேறு தூதுவர் இல்லை.